சத்தமில்லாத வில் – இஷியின் வாழ்க்கை



நம்ம கதைகளில் வில் என்றாலே ஓசைதான். இராமாயணமாகட்டும், பாரதமாகட்டும், வீரன் களத்தில் இறங்கியதும் முதல் வேலையாக நாணைச் சுண்டி ஒலி எழுப்புவான். அதைக் கேட்டே எதிரி பாதி செத்துவிட வேண்டும்! டி.வி. தொடர்களிலும் அதைத்தான் பார்த்து வளர்ந்தோம்.

ஆனால் வேட்டைக்காரனுக்கு அந்த ஓசைதான் முதல் பகை. நாண் 'டங்' என்றால் மான் போச்சு. அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வில் பிறந்த நாளிலிருந்தே, அதன் வாயை அடைக்கும் வித்தையும் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது. மெக்கானிக்கல் மாணவனான நான் அந்த வித்தையைத் தேடிப் படிக்கப் போய், ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டேன். வில்லின் ஓசையை மட்டுமல்ல, தன் வாழ்வின் ஓசையையே நாற்பது வருடம் அடக்கி வைத்திருந்த மனிதர் அவர். உலகம் அவரை இஷி என்று அழைக்கிறது. அவர் இறந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கதையை நம் ஆண்டு மலரில் பதிந்து வைக்க ஆசைப்படுகிறேன்.

தங்கம் தேடி வந்தவர்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸன் என்ற எரிமலையின் அடிவாரத்தில், மில் கிரீக், டியர் கிரீக் என்று இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. ஆழமான பள்ளத்தாக்குகள், முட்புதர், ஓக் மரங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் யாஹி மக்கள். மொத்தமே சுமார் 400 பேர் இருந்திருப்பார்கள் என்கிறார்கள். ஓக் கொட்டையை இடித்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஓடையில் சால்மன் மீன், மலையில் மான். இதுதான் அவர்கள் உலகம்.

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. 1849 முதல் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஓடைகள் சேறாயின, மீன் குறைந்தது, மேய்ச்சல் மாடுகள் மலையேறின. பசி தாங்காமல் யாஹிக்கள் மாட்டைப் பிடித்தால், பதிலுக்குத் துப்பாக்கியோடு வந்து ஊரையே சுட்டார்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. 1860-களில் நடந்த இப்படிப்பட்ட படுகொலைகளுக்குப் பிறகு எஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு கூட்டம். அதில் ஒரு சிறுவன்தான் பின்னாளில் இஷி ஆனவர். அவர் பிறந்தது ஏறத்தாழ 1860-ஐ ஒட்டி.

மறைந்து வாழ்ந்த நாற்பது ஆண்டுகள்

1870-க்குப் பிறகு அந்தச் சிறு கூட்டம் காணாமல் போனது. யாஹி இனமே அழிந்தது என்று வெள்ளையர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். எப்படித் தெரியாமல் இருந்தார்கள்? இங்கேதான் நண்பர்களே, எனக்குப் பிரமிப்பு தொடங்கியது.

கால்தடம் மண்ணில் விழாமல் பாறைக்குப் பாறை தாவி நடந்தார்கள். புதருக்கு அடியில் நாலுகாலில் தவழ்ந்து போனார்கள். வழியில் கிளை குறுக்கிட்டால் வெட்ட மாட்டார்கள். ஏன்? மரம் வெட்டும் 'டக் டக்' ஓசை, இங்கே மனிதன் இருக்கிறான் என்று மலை முழுக்க அறிவித்துவிடும். அதனால் கிளையை மெல்ல வளைத்து ஒதுக்குவார்கள். இல்லாவிட்டால் கூரான கல்லால் தேய்த்துத் தேய்த்தே அறுப்பார்கள். ரொம்ப நேரம் பிடிக்கும். ஆனால் சத்தம் வராது. அடுப்பும் சின்ன அடுப்புதான், புகை மேலே தெரியக்கூடாது.

இப்படி வாழ்பவர்களுக்குத் துப்பாக்கி கையில் கிடைத்தாலும் என்ன பயன்? ஒரு வெடி போதும், இருப்பிடம் தெரிந்துவிடும். ஈட்டி, கண்ணி, வில், இவைதான் துணை. அதிலும் தூரத்தில் நிற்கும் மானை ஓசையில்லாமல் வீழ்த்தக்கூடியது வில் ஒன்றுதான். எனவே யாஹிகளுக்கு வில் என்பது சாப்பாடு மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும் கூட.

ஓசை எங்கிருந்து வருகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வருவோம். வில்லை இழுக்கும்போது நாம் செய்யும் வேலை, வளையும் மரத்தில் ஸ்ட்ரெய்ன் எனர்ஜியாகச் சேர்கிறது. நாணை விட்டதும் அதில் பெரும்பகுதி அம்புக்குப் போகிறது. போகாத மிச்சம்? அது நாணிலும் மரத்திலும் அதிர்வாக நின்று, காற்றைத் தள்ளி ஓசையாக வெளியே வருகிறது. அதாவது, நம் காதில் விழும் 'டங்', அம்புக்குப் போய்ச் சேராத சக்தி. அம்பு ரொம்ப லேசாக இருந்தால் மிச்சமும் ஓசையும் அதிகம். அம்பே இல்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டால், எல்லாச் சக்தியும் வில்லிலேயே தங்கி வில்லே உடைந்துபோகலாம்.

சரி, கொஞ்சம் ஓசை வந்தால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மான் 60 அடி தூரத்தில் நிற்கிறது. அம்பின் வேகம் வினாடிக்கு 150 அடி என்று வைத்துக்கொள்வோம். அம்பு போய்ச் சேர 0.4 வினாடி. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,125 அடி. ஓசை போய்ச் சேர 0.05 வினாடிதான். ஆக, அம்பு வருமுன் மானுக்கு 0.35 வினாடி அவகாசம். சுதாரிக்க 0.15 வினாடி போனாலும் 0.2 வினாடி பாக்கி. ஓடுவதற்காக மான் முதலில் உடம்பைக் கீழே தாழ்த்தும். 0.2 வினாடியில் புவியீர்ப்பு மட்டுமே அதை 20 செ.மீ. இறக்கிவிடும். அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும். குறி சரி, கை சரி, ஆனால் வேட்டை போச்சு!

இதற்குப் பழைய வேட்டைக்காரர்கள் கண்ட வழிகள் எளிமையானவை. ஒன்று, அம்பைக் கனமாகச் செய்வது. இரண்டு, நாணை முறுக்கியோ தளர்த்தியோ, நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. ஒவ்வொரு வில்லுக்கும் அது குறைவாகப் பேசும் ஓர் இடைவெளி உண்டு. மூன்று, நாண் மரத்தில் அடிக்கும் இடத்தில் மெத்தை வைப்பது. நான்கு, நாணிலேயே மென்மயிர்க் குஞ்சம் கட்டுவது. வடமேற்குக் கலிபோர்னியாவின் சில பழைய விற்களில் முனையருகே மென்மயிர்த் தோல் துண்டு சுற்றியிருக்கும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் அதிர்வைத் தின்னும் வேலையையும் அது செய்யும். லேத்தில் ஓடும் ஜாப் அதிர்ந்து கத்தும்போது டேம்பிங் என்று நாம் பேசுகிறோமே, அதேதான் இது.

மலையிலிருந்து இறங்கிய மனிதர்

1908 நவம்பர். டியர் கிரீக் பகுதியில் ஒரு மின்சாரக் கம்பெனிக்காக சர்வே செய்ய ஆட்கள் வந்தார்கள். நம்ம சிவில் நண்பர்கள் மாதிரி கருவியும் சங்கிலியும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான். புதருக்குள் மறைந்திருந்த குடிசைகள் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டன. அப்போது அங்கே இருந்தவர்கள் நான்கே பேர்: இஷி, அவர் தாய், ஒரு முதியவர், ஒரு பெண் (தங்கை என்றும் உறவுப்பெண் என்றும் சொல்கிறார்கள்). முதியவரும் அந்தப் பெண்ணும் தப்பி ஓடினார்கள். பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. நடக்க முடியாத தாய் போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் அவரைத் தொடவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, போர்வை என்று வீட்டிலிருந்த பொருள்களை நினைவுப் பொருளாக எடுத்துப் போய்விட்டார்கள். குளிர்காலம் வரும் நேரத்தில்! மறுநாள் வந்தபோது குடிசையில் யாருமில்லை. கொஞ்ச நாளில் தாயும் இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று வருடம். ஒரு மொழியைப் பேச உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம் என்றால், அவர் யாரிடம் பேசுவார்? 1911 ஆகஸ்ட் 29 அன்று ஓரோவில் ஊருக்கு அருகே ஒரு கசாப்புக் கொட்டடியில் நாய்கள் குரைத்தன. வேலியோரம் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். துக்கத்துக்காகத் தலைமுடியைத் தீயால் பொசுக்கிக் குட்டையாக்கியிருந்தார். ஊர் ஷெரிப் அவரைச் சிறையில் வைத்துப் பாதுகாத்தார். எந்த மொழியில் பேசினாலும் அவருக்குப் புரியவில்லை.

செய்தி அறிந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வாட்டர்மேன் என்ற மானிடவியலாளர் வந்தார். யாஹிகளின் உறவு மொழிகளில் குறித்து வைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. கடைசியில் பைன் மரத்தைக் குறிக்கும் சிவினி என்ற சொல்லைச் சொல்லி, கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார். அந்த முகம் மலர்ந்தது! மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் காதில் விழுந்த தன் மொழிச் சொல், ஒரு மரத்தின் பெயர்.

1911 செப்டம்பர் 4 அன்று அவரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். பெயர் கேட்டபோது சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கமில்லை, இன்னொருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். அப்படிச் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால் அருங்காட்சியகத்தின் பேராசிரியர் குரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்தார். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள்.

டாக்டரும் வில்லும்

அருங்காட்சியகத்திலேயே அவருக்குத் துப்புரவு வேலை கொடுத்தார்கள், மாதம் 25 டாலர் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவர்களுக்கு அம்பு முனை செய்து காட்டுவார். பாட்டில் கண்ணாடியைக்கூட, தட்டாமல், முனையால் அழுத்தியே சில்லுச் சில்லாக எடுத்து அழகான அம்பு முனை ஆக்கிவிடுவார். நாம் ஃபைல் பிடித்து ஒரு ஜாப்பை முடிக்கவே மதியம் ஆகிவிடுகிறதே!

பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1912-ல் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. டாக்டர் சிகிச்சை பார்த்தார், இஷி அவருக்கு வில்வித்தை சொல்லிக் கொடுத்தார். யார் குரு, யார் சிஷ்யன் என்று சொல்ல முடியாத நட்பு அது. போப் ஒரு நல்ல காரியம் செய்தார். இஷி வில் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து, படிப்படியாக எழுதி வைத்தார். 1918-ல் அது பல்கலைக்கழக வெளியீடாக அச்சில் வந்தது. இன்று நமக்குத் தெரிவதெல்லாம் அந்தக் குறிப்புகளால்தான்.

ஜூனிபர் மரத்தில் செய்த குட்டையான, தட்டையான வில். முதுகுப் பக்கம் மானின் தசைநாரை மென்று மிருதுவாக்கி, மீன் தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டுவார். நாணும் மானின் கால் நாரை முறுக்கித் திரித்ததுதான். இழுப்பு சுமார் 40 பவுண்டு. அம்பு வைக்கும் தூணி நீர்நாய்த் தோல், மயிர் வெளிப்புறம். இன்னொரு நுட்பம்: அம்பை விடும்போது வில்லை இறுக்கிப் பிடிக்க மாட்டார். வில் கைக்குள்ளேயே சுழன்று திரும்பிவிடும். அதனால் நாண் முன்கையில் அடிக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நல்ல வில் பாட வேண்டும் என்பது இஷியின் கொள்கை. நாணேற்றிச் சுண்டினால் கணீரென்று உயர்ந்த சுருதி வரவேண்டும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அந்த மாதிரிப் பரீட்சை. சில சமயம் வில்லின் ஒரு முனையை வாயோரம் வைத்து, நாணை அம்பால் மெல்லத் தட்டி இசை எழுப்புவார். ஒற்றைத் தந்தி வாத்தியம்! ஆக அவர் ஓசையை வெறுத்தவர் அல்ல. எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே ஒலிக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

வேட்டைக்கு முன் புகை பிடிக்க மாட்டார், மீன் தின்ன மாட்டார். ஓடையில் குளித்து, வாசனை இலையை உடம்பில் தேய்த்துக் கொள்வார். வில் எவ்வளவு மௌனமாக இருந்தாலும் மனித வாடை காட்டிக் கொடுத்துவிடுமே! விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் போல் ஓசை எழுப்பினால் முயலும் காட்டுப்பூனையும் தேடி வரும். மானை ஏமாற்ற, பதம் செய்த மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு புதரிலிருந்து எட்டிப் பார்ப்பார். தூரத்திலிருந்து அடித்துச் சாமர்த்தியம் காட்டும் எண்ணமே கிடையாது. கிட்டே போ, அசையாதே, காத்திரு. ஓசையை அடக்கும் முதல் கருவி மனிதனின் உடம்புதான் என்று நான் புரிந்துகொண்டது இதைப் படித்தபோதுதான்.

கடைசி நாட்கள்

1914 மே மாதம் குரோபர், வாட்டர்மேன், போப், போப்பின் மகன் ஆகியோர் இஷியோடு டியர் கிரீக் போனார்கள். தன் மக்கள் சிந்திய ரத்தமும் தாய் இறந்த நினைவும் இருக்கிற மண்ணுக்குத் திரும்ப முதலில் அவருக்கு விருப்பமில்லை. பிறகு சம்மதித்து, நீந்தி, வேட்டையாடி, ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லிக் காட்டினார்.

1911 முதல் 1914 வரை அவர் சொன்ன கதைகளையும் பாடிய பாட்டுகளையும் 148 மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள், ஐந்து மணி நேரத்துக்கும் மேல். நாற்பது வருடம் குரலை ஒளித்து வாழ்ந்தவரின் குரல் இப்படி நிலைத்துவிட்டது!

ஆனால் நகரத்து நோய்களைத் தாங்கும் சக்தி அந்த உடலுக்கு இல்லை. 1915 கோடையில் சபீர் என்ற மொழியியலாளரோடு உட்கார்ந்து தன் மொழியைச் சொல்லிக் கொடுத்தபடியே இளைத்துப் போனார். காசநோய். 1916 மார்ச் 25 அன்று அந்த அருங்காட்சியகத்திலேயே காலமானார். போப் கடைசிவரை கவனித்துக் கொண்டார்.

உடலை அறுக்கக்கூடாது என்பது இஷியின் எண்ணம். நியூயார்க்கில் இருந்த குரோபர் அதைக் கண்டிப்பாக எழுதி அனுப்பினார். கடிதம் வருவதற்குள் பிரேதப் பரிசோதனை முடிந்து மூளையைத் தனியே எடுத்துவிட்டார்கள். வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் மாவு, சோழிமணிக் காசு, புகையிலை ஆகியவற்றோடு உடலைத் தகனம் செய்தார்கள். மூளையை 1917-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அனுப்பி வைத்தவர் வேறு யாருமல்ல, அதே குரோபர்தான்! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஜீரணமாகவில்லை. நண்பனாகப் பழகிய மனிதர், இறந்ததும் ஒரு மாதிரிப் பொருளாகிவிட்டாரே! கலிபோர்னியப் பழங்குடியினர் விடாமல் கேட்டதால் 1999-ல் உண்மை வெளிவந்தது. 2000 ஆகஸ்டில் மூளையும் சாம்பலும் உறவுப் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் அவரைத் தாய் மண்ணில், வெளியே சொல்லாத ஓர் இடத்தில் அடக்கம் செய்தார்கள். கடைசியில் அவருக்கு அவர் விரும்பும் மறைவிடம் கிடைத்தது.

இன்றைக்கு

போப் 1923-ல் வில் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார், 1926-ல் மறைந்தார். அவர் புத்தகத்தைப் படித்துத்தான் அமெரிக்காவில் பழைய முறை வில் மறுபடி கைகளுக்கு வந்தது. ஓசை அடக்கும் வித்தையும் தொடர்கிறது. பழைய பாணி வில்லில் இன்றும் கம்பளி நூல் பந்து, நீர்நாய் அல்லது பீவர் மயிர்த் துண்டு, ரப்பர் இழைக் குஞ்சம் கட்டுகிறார்கள். கம்பளி மழையில் நனைந்து கனத்துவிடும், நீரில் வாழும் பிராணியின் மயிர் அப்படி ஆகாது. இரண்டு குஞ்சங்களையும் ஒரே அளவில் கட்டாமல், ஒன்றை நாணின் மூன்றில் ஒரு பங்கிலும் மற்றதை எதிர்முனையிலிருந்து நாலில் ஒரு பங்கிலும் கட்டச் சொல்கிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததே: ஒரு ஹார்மோனிக்கின் நோடு மேல் குஞ்சம் உட்கார்ந்தால் அந்த அதிர்வை அதனால் அடக்க முடியாது. வேறு வேறு இடமானால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். ஆனால் இலவசம் எதுவும் இல்லை. குஞ்சத்தின் எடை அம்பின் வேகத்தைக் கொஞ்சம் தின்னும், நடுவை நெருங்க நெருங்க அதிகமாகத் தின்னும். 1969-ல் பேடன்ட் பெற்ற காம்பவுண்ட் வில்லில்கூட, இன்று நாணைத் தடுத்து நிறுத்த ரப்பர் முனை வைக்கிறார்கள். கப்பி வந்தாலும் பிரச்சினை அதே பழைய பிரச்சினைதான்!

நம் நாட்டில் 1972-ஆம் வருடச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே நாம் யாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகப் போவதில்லை. பின்னே எதற்கு இந்தக் கதை? ஒரு டாக்டர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு ஒரு கைவினைஞர் பக்கத்தில் உட்கார்ந்ததால், ஓர் இனத்தின் தொழிலறிவு தப்பிப் பிழைத்தது. நண்பர்களே, நம் தெருவிலும் பட்டறையில், தறியில், படகுத்துறையில் அளவுகோல் இல்லாமல் வேலை செய்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். அளவெடுங்கள், வரைந்து வையுங்கள், அவர்கள் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதுங்கள். அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இஷியின் உண்மையான பெயர் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.